வீட்டில் கட்டிய விமானம்: என்ஜினில் எதைப் பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு கார் ஷெட்டில் விமானம் கட்டி, அதைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. முக்கியமான நிபந்தனை, வேலையில் பாதிக்கு மேல் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களின் கையாலேயே நடந்திருக்க வேண்டும் என்பது. இப்படிப்பட்டவர்களுக்காக 1953இல் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய சங்கம்தான் இஏஏ. அது ஆண்டுதோறும் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் நடத்தும் விழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்குகின்றன. ஆரெகன் மாநிலத்தின் வேன்ஸ் நிறுவனம் விற்கும் ஆர்வி வகை கிட்டுகளில் (கட்டுவதற்கான பாகத் தொகுப்புகள்) மட்டும் 10,000க்கும் மேல் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. ஆக, இது ஏதோ நாலு பேரின் கிறுக்குத்தனம் அல்ல.

இந்த விமானங்களின் கதவருகே ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே பயணியின் கண்ணில் படும்படி இன்னொரு எச்சரிக்கை: இது தனிநபர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல. ஏறும் விருந்தாளி அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் யோசிப்பது நியாயம்தான். அந்த யோசனைக்குப் பதில் சொல்ல வேண்டியது என்ஜின் பரிசோதனை. எதைப் பார்க்கிறார்கள், எதனால் பார்க்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதலில், யார் பார்ப்பது? தொழிற்சாலையில் செய்த செஸ்னா போன்ற சிறு விமானமாக இருந்தால் அதற்கென்று உரிமம் பெற்ற மெக்கானிக் ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கீகரித்த பாகங்களைத்தான் மாட்டலாம். வீட்டில் கட்டியதற்கு இந்தக் கட்டுப்பாடுகள் பல இல்லை. பராமரிப்பு வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் 12 மாதத்துக்கு ஒருமுறை ‘கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன்’ என்ற முழுப் பரிசோதனை கட்டாயம். விமானத்தைக் கட்டியவர் விண்ணப்பித்து ‘ரிப்பேர்மேன்’ சான்றிதழ் வாங்கியிருந்தால் அதை அவரே செய்துகொள்ளலாம். அந்தச் சான்றிதழ் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும்தான் செல்லும். விமானத்தை விற்றால் சான்றிதழ் கூடப் போகாது; வாங்கியவர் அதை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது.

இதில் எனக்குப் பிடித்ததும் பயமுறுத்துவதும் ஒன்றே: தொழிற்சாலை, ஆய்வாளர், விமானி மூன்றும் ஒரே ஆள். அவர் பார்க்காமல் விட்டதை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2012இல் இவ்வகை விமானங்களைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டது. சிறு விமானங்களில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் இவை. ஆனால் 2011இல் நடந்த சிறு விமான விபத்துகளில் சுமார் 15 சதவீதமும், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றின் கணக்கில் விழுந்தன. காரணங்களில் முன்னால் நின்றவை இரண்டு. ஒன்று, விமானி கட்டுப்பாட்டை இழப்பது. இன்னொன்று, என்ஜின் சக்தி போவது.

என்ஜின் சக்தி போனது என்றதும் பிஸ்டன் உடைந்தது, கிராங்க் ஷாஃப்ட் முறிந்தது என்றுதான் மனம் போகும். அப்படியும் நடக்கும். ஆனால் பல ஆர்விகளின் மூக்கில் இருக்கும் லைகமிங் ஓ-320 என்ஜின், 1968 முதல் பல ஆண்டுகள் செஸ்னா 172இல் வந்த அதே குடும்பம். நாலு சிலிண்டர், 5.2 லிட்டர் கொள்ளளவு, 150 அல்லது 160 குதிரைத்திறன், அதிகபட்சம் 2,700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று). ஒழுங்காக ஓடினால் 2,000 மணி நேரம் கழித்துத்தான் முழு ஓவர்ஹால் (பிரித்துப் புதுப்பிப்பது) என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. என்ஜின் அரதப் பழசான வடிவம், நன்றாக அறியப்பட்டது. அதற்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாய், காற்று கொண்டுபோகும் பெட்டி, த்ராட்டில் கேபிள், ஆயில் ஹோஸ், மின்கம்பி ஆகியவற்றையெல்லாம் அமைத்தவர்தான் புதியவர். அந்த அமைப்பு உலகத்திலேயே அந்த ஒரு விமானத்தில் மட்டும் இருக்கும். ஆகவே வீட்டு விமானத்தில் பரிசோதனை என்பது என்ஜினைவிட என்ஜினுக்குப் போய்வரும் வழிகளைப் பற்றியது. இது மனதில் இருந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

பெட்ரோல்

பறக்கும் முன் ஒவ்வொரு டாங்கின் அடியிலிருந்தும் கொஞ்சம் பெட்ரோலைத் தெளிவான பிளாஸ்டிக் குப்பியில் வடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிறு விமானங்கள் வழக்கமாகக் குடிக்கும் 100எல்எல் பெட்ரோல் இளநீல நிறம். தண்ணீர் கனமானது; குப்பியின் அடியில் உருண்டு நிற்கும், நீலம் இருக்காது. இங்கே ஒரு கண்ணி உண்டு: குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் நடுவில் கோடு தெரியாது, எல்லாம் தெளிவாக இருப்பது போலவே தோன்றும். அதனால் நிறத்தைப் பார்க்க வேண்டும், மோந்தும் பார்க்க வேண்டும்.

புது விமானத்தில் தண்ணீரைவிடக் குப்பைதான் தொல்லை. டாங்கைச் செய்து முடித்தபோது உள்ளே தங்கிய அலுமினியத் துருவல், ஓரங்களில் பூசிய சீலன்ட்டின் துணுக்குகள், ஃபைபர் கிளாஸ் டாங்காக இருந்தால் அதன் பிசிறுகள் எல்லாம் முதல் சில மணி நேரப் பறத்தலில் ஃபில்டருக்கு வந்து சேரும். ஆரம்பத்தில் ஃபில்டர் வலையை அடிக்கடி கழற்றிப் பார்ப்பது இதனால்தான். வீட்டுக் குழாய் வேலையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை எரிபொருள் இணைப்பில் சுற்றக் கூடாது என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதன் இழை பிரிந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

டாங்குக்குக் காற்று போகும் வென்ட் குழாயையும் மறக்கக் கூடாது. பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போகாவிட்டால் ஓட்டம் குறைந்து நின்றுவிடும். மண் குளவிக்கு அந்தக் குழாயின் அளவு ரொம்பப் பிடிக்கும். ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் போதும், உள்ளே மண்ணை அடைத்துக் கூடு கட்டிவிடும்.

முதல் பறத்தலுக்கு முன் செய்யும் ஓட்டச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 160 குதிரைத்திறன் என்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 50 லிட்டர் குடிக்கும். பம்ப் மூலம் எரிபொருள் போகும் விமானத்தில் குழாய் அதைவிடக் கால் பங்கு கூடுதலாக, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, கொண்டுவர வேண்டும். இறக்கை மேலே இருந்து புவியீர்ப்பில் மட்டும் இறங்கும் அமைப்பாக இருந்தால் ஒன்றரை மடங்கு. சோதிக்கும் விதம் எளிது: கார்புரேட்டர் பக்கம் இணைப்பைக் கழற்றி, ஒரு கேனில் விட்டு, கடிகாரத்தைப் பார்ப்பது. ஆனால் விமானம் தரையில் சமமாக நிற்கும்போது அல்ல. அதிகபட்சக் கோணத்தில் ஏறும்போது மூக்கு எவ்வளவு தூக்கியிருக்குமோ அந்தக் கோணத்தில் நிறுத்தி, டாங்கில் குறைந்த பெட்ரோலை வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். மூக்கு தூக்கும்போது கார்புரேட்டர் டாங்கைவிட மேலே போய்விடும், அழுத்தம் குறையும். தரையில் ஜம்மென்று ஓடிய என்ஜின் ஓடுபாதையை விட்டு எழும்பியதும் இருமுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோதனை நடக்கும் இடத்தில் பெட்ரோல் ஆவி சூழ்ந்திருக்கும் என்பதால் விமானத்தையும் கேனையும் கம்பியால் இணைத்து எர்த் செய்துவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள்.

குழாய் சரியாக இருந்தும், அதைத் திருப்பும் கைப்பிடி தவறான இடத்தில் இருந்தால்? 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். ஓட்டியது லாங்-ஈசி, பர்ட் ரூடான் வடிவமைத்த, வீட்டில் கட்டும் வகை. கட்டியவர் வேறொருவர், டென்வர் அதை அப்போதுதான் வாங்கியிருந்தார். வரைபடப்படி டாங்க் மாற்றும் கைப்பிடி விமானியின் முன்னால் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வர வேண்டாம் என்று நினைத்துக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். உடம்பைத் திருப்பினால்தான் எட்டும். எந்தப் பக்கம் எந்த டாங்க் என்ற குறி இல்லை, எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடியிலும் அளவுக்கோடு இல்லை. புறப்படும் முன் கைப்பிடி எட்டவில்லை என்று அங்கிருந்த மெக்கானிக்கோடு பேசி, ஒரு இடுக்கியை அதில் பிடிக்க வைத்து நீட்டிப் பார்த்தார்கள், பலன் இல்லை. பெட்ரோலும் நிரப்பவில்லை. கைப்பிடியைத் திருப்ப உடம்பை வளைத்தபோது கால் வலது ரடர் பெடலை (விமானத்தின் மூக்கை வலப்பக்கம் திருப்புவது) அழுத்தியிருக்க வேண்டும் என்பது என்டிஎஸ்பியின் முடிவு. அந்த என்ஜினில் கோளாறு எதுவும் இல்லை.

டென்வர் கதையிலிருந்து பரிசோதனைப் பட்டியலில் சேரும் வரிகள் சாதாரணமானவை. இருக்கையில் அமர்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, எல்லாக் கைப்பிடியும் எட்டுகிறதா, குறி தெரிகிறதா என்று பார்ப்பது. தரையிலேயே ஒவ்வொரு டாங்குக்கும் திருப்பி, குழாயில் தங்கிய பெட்ரோல் தீரும் அளவு நேரம் என்ஜினை ஓட விடுவது.

பொறி

இந்த என்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மேக்னெட்டோக்கள் அவற்றுக்குப் பொறி கொடுக்கின்றன. மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம். என்ஜின் சுற்றினாலே தானாக மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். வானத்தில் இது வரம், தரையில் ஆபத்து. காரில் சாவியை அணைத்தால் மின்சாரம் நிற்கிறது. இங்கே சாவியை அணைத்தால் ஒரு கம்பி வழியாக மேக்னெட்டோ என்ஜின் உடம்போடு இணைந்து அடங்குகிறது. அந்தக் கம்பி அறுந்துபோயிருந்தால் சாவி ‘ஆஃப்’ என்று காட்டினாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். அப்போது யாராவது புரொப்பெல்லரைக் கையால் சும்மா தள்ளினால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் ஆவி ஒருமுறை வெடித்தாலே போதும், கை போய்விடும். எந்த ஹேங்கரிலும் (விமானக் கொட்டகை) பழகியவர்கள் புரொப்பெல்லரின் சுழல்பாதையில் நிற்க மாட்டார்கள், சாவி அவர்கள் சட்டைப்பையிலேயே இருந்தாலும் சரி.

பறக்கும் முன் செய்யும் மேக்னெட்டோ சோதனை இப்படி: என்ஜினை 1,800 ஆர்பிஎம் அளவில் ஓட விட்டு, சாவியை ஒரு மேக்னெட்டோவுக்கு மட்டும் திருப்பினால் வேகம் கொஞ்சம் இறங்கும். திரும்ப இரண்டுக்கும் கொண்டுவந்து, அடுத்ததற்கும் அதேபோல. ஓ-320க்கு இறக்கம் 175 ஆர்பிஎம்மைத் தாண்டக் கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50க்கு மேல் போகக் கூடாது. அதிகமாக இறங்கி என்ஜின் உதறினால் ஏதோ ஒரு பிளக்கில் ஈயப்படிவு இருக்கலாம். கலவையில் பெட்ரோலைக் குறைத்துச் சற்று வேகமாக ஓட விட்டால் பல சமயம் அந்தப் படிவு எரிந்து போய்விடும்.

வேகம் துளியும் இறங்கவில்லையா? புதிதாகப் பழகுபவர்கள் இதைப் பார்த்து மகிழ்ச்சி அடைவார்கள். உண்மையில் அணைத்த மேக்னெட்டோ அணையவே இல்லை என்று அர்த்தம். மேலே சொன்ன கம்பி அறுந்திருக்கிறது.

இப்போது கட்டும் பலர் ஒரு மேக்னெட்டோவையோ இரண்டையுமோ எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கிறார்கள். எரிபொருள் மிச்சம், ஸ்டார்ட்டும் நன்றாக ஆகும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு பேட்டரி வேண்டும். இரண்டையும் மாற்றினால் இரண்டாவது பேட்டரியும் அதற்குத் தனி வயரிங்கும் கண்டிப்பாக வேண்டும் என்பது என் கட்சி. அப்புறம், அந்த பேட்டரியும் ஆண்டுப் பரிசோதனைப் பட்டியலில் ஏறிவிடும்.

கார்புரேட்டரைப் பற்றி ஒரு பத்தி. உள்ளே குறுகலான இடத்தில் காற்று விரைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேலும் இறங்கலாம். ஆகவே வெளியே 20 டிகிரி, இதமான நாள் என்றாலும், ஈரப்பதம் இருந்தால் உள்ளே பனிக்கட்டி கட்டும். அதற்கு மருந்து சைலன்சர் சூட்டில் காய்ந்த காற்றை உள்ளே விடும் கைப்பிடி. தரையில் அதை இழுத்தால் ஆர்பிஎம் சற்று இறங்க வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால்தான். இறங்கவில்லை என்றால் சூடு வந்து சேரவில்லை. இறங்கிய பிறகு தானாக ஏறினால் பனி இருந்து உருகியிருக்கிறது. அந்தக் காற்று ஃபில்டர் வழியாக வராது என்பதால் புழுதித் தரையில் நீண்ட நேரம் இழுத்து வைக்க வேண்டாம்.

ஆயில்

லைகமிங்குக்கு முழு ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். வெறும் வலை மட்டும் இருந்தால் 25 மணி நேரம். எதுவாக இருந்தாலும் நாலு மாதத்தைத் தாண்டக் கூடாது. கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்துப் பார்ப்பதுதான் விமானக்காரர் பழக்கம். அதற்கென்று டப்பா திறப்பான் மாதிரி ஒரு கருவி இருக்கிறது; ரம்பத்தால் அறுத்தால் ரம்பத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். உள்ளே சேலைக் கொசுவம்போல மடித்த காகிதம் இருக்கும். அதை வெட்டி எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்து மடிப்பு மடிப்பாகப் பார்க்க வேண்டும். கறுப்பாகத் தூள் இருந்தால் பெரும்பாலும் கரி, விரலில் நசுங்கும். மின்னும் துகள் இருந்தால் காந்தத்தைக் காட்டிப் பார்ப்பார்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது சிலிண்டர் சுவர், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கியர் இவற்றில் ஏதோ ஒன்று தேய்கிறது. ஒட்டாமல் மின்னினால் அலுமினியமாக இருக்கலாம். பிஸ்டன் பக்கம் சந்தேகம். புது என்ஜினின் முதல் ஃபில்டரில் கொஞ்சம் உலோகம் வருவது சகஜம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நூறு இருநூறு மணி நேரம் ஓடிய பிறகு திடீரென்று வந்தால் பதறலாம்.

ஆயிலில் ஒரு சிறு குப்பியைப் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்பலாம். இரும்பு இவ்வளவு, தாமிரம் இவ்வளவு, சிலிக்கான் இவ்வளவு என்று பட்டியல் வரும். சிலிக்கான் ஏறினால் தூசி உள்ளே போகிறது, காற்று ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. நாலைந்து அறிக்கைகளை வரிசையாக வைத்தால்தான் ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியும்.

கேம் ஷாஃப்ட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். லைகமிங்கில் அது கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. ஓடும்போது தெறிக்கும் ஆயில்தான் அதற்கு முக்கியத் துணை. நிறுத்தினால் ஆயில் வடிந்து கீழே போய்விடும். வாரக்கணக்கில் பறக்காமல் கிடந்தால் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும், அடுத்த ஸ்டார்ட்டில் அந்தத் துரு உரசித் தேயும். அதிகம் பறக்கும் என்ஜின்தான் சீக்கிரம் கெடும் என்று நினைப்போம். இங்கே தலைகீழ். பயிற்சிப் பள்ளியில் தினமும் ஓடும் என்ஜின் 2,000 மணி நேரத்தைத் தாராளமாகத் தாண்டுகிறது. ஹேங்கரில் துணி போர்த்திப் பத்திரமாக வைத்தது பாதியிலேயே கேம் தேய்ந்து நிற்கிறது.

சரி, வாரம் ஒருமுறை தரையிலேயே பத்து நிமிடம் ஓட விட்டால்? அது இன்னும் மோசம். எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலோடு கலக்கும். அது ஆவியாகிப் போக ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகி, கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். தரையில் ஓட்டும்போது அந்தச் சூடு வருவது அரிது. பறந்தால்தான் வரும்.

கம்ப்ரஷன் சோதனை

ஆண்டுப் பரிசோதனையில் சிலிண்டர்களின் உடல்நிலை தெரிவது இதில். என்ஜின் சூடாக இருக்கும்போதே ஒரு பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் காற்றுக் குழாயை மாட்டுகிறார்கள். பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் இருக்க வேண்டும். கருவியில் இரண்டு மீட்டர். ஒன்று உள்ளே விடும் அழுத்தத்தைக் காட்டும், அது 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு). மற்றது சிலிண்டரில் தங்குவதைக் காட்டும். 76 தங்கினால் 76/80 என்று எழுதுவார்கள். 70க்கு மேல் இருந்து, நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் 60க்குக் கீழே போனால் காரணம் தெரியாமல் பறக்கக் கூடாது.

எண்ணைவிடக் காதுக்கு அதிக வேலை. கசியும் காற்று எங்கே சீறுகிறது என்று கேட்க வேண்டும். சைலன்சர் குழாயில் சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை. கார்புரேட்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் வளையங்கள். வளையங்கள் கொஞ்சம் கசியத்தான் செய்யும். எக்ஸாஸ்ட் வால்வு கசிவுதான் கவலைக்குரியது. சூடு ஒரே இடத்தில் சேர்ந்து விளிம்பு எரிந்து, ஒருநாள் துண்டு உடையும். இப்போது சிறு கேமராவைப் பிளக் ஓட்டை வழியாக உள்ளே விட்டு வால்வின் முகத்தையே பார்த்துவிடலாம். நல்ல வால்வில் நிறம் வட்டத்துக்குள் வட்டமாக நடுவில் அமைந்திருக்கும். எரியத் தொடங்கியதில் நிறம் ஒரு ஓரமாகச் சாய்ந்து தெரியும். இந்தக் கேமரா மலிவாகிவிட்ட பிறகும் வாங்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. அந்த பிஸ்டனின் விட்டம் 13 சென்டிமீட்டர். 80 பிஎஸ்ஐ அதன்மேல் ஏறினால் மொத்தம் 700 கிலோவுக்கும் மேலான விசை. பிஸ்டன் மிகச் சரியாக உச்சியில் இருக்கும்வரை சும்மா இருக்கும். இம்மி நகர்ந்தாலும் புரொப்பெல்லரைச் சுழற்றி அடிக்கும். அதனால் காற்றைத் திறக்கும் ஆளும் புரொப்பெல்லரைப் பிடிக்கும் ஆளும் தனித்தனி. பிடிப்பவர் முதலில் கெட்டியாகப் பிடித்து ‘விடு’ என்று சொன்ன பிறகுதான் மற்றவர் வால்வைத் திறப்பார், அதுவும் மெதுவாக. தனியாகச் செய்யும் வேலை அல்ல இது.

மூடியைக் கழற்றினால்

என்ஜினின் மேல் இருக்கும் கவ்லிங்கைக் கழற்றிவிட்டு, எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். துடைத்துவிட்டால் சாட்சி போய்விடும். நீலமாகக் காய்ந்த கறை இருந்தால் பெட்ரோல் கசிகிறது. எக்ஸாஸ்ட் இணைப்பின் அருகே சாம்பல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் புகை கசிகிறது. அந்தப் புகை, விமானி அறைச் சூட்டுக்காக எக்ஸாஸ்டைச் சுற்றி வைத்த உறைக்குள் கசிந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக மூக்குக்கு வரும். நிறமில்லை, மணமில்லை. டேஷ்போர்டில் ஒரு அலாரம் வைப்பது அத்தனை செலவும் இல்லை.

நட்டுகளின் மேல் குறுக்கே ஒரு ஆரஞ்சு அல்லது மஞ்சள் பெயின்ட் கோடு போட்டிருப்பார்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட் சுற்றியிருக்கிறது. முக்கிய போல்ட்டுகளில் சேஃப்டி வயர் முறுக்கியிருக்கும். அது போல்ட்டை இறுகும் பக்கமாக இழுக்கும்படி கட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் இழுக்கும்படி கட்டியதைப் பார்க்கவும் முடிகிறது. பார்க்க அழகாகவே இருக்கும், பிரயோஜனம் இல்லை. த்ராட்டில் கேபிளின் முனையில் உள்ள பேரிங்குக்கு வெளியே பெரிய வாஷர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரிங் விட்டுப்போனாலும் அந்த வாஷர் கம்பியைக் கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளும். ஹோஸ்கள் எதிலும் உரசக் கூடாது. காற்றைச் சிலிண்டர் இடுக்குகளுக்குள் திருப்பிவிடும் ரப்பர் தடுப்புகள் மடங்கிக் கிடந்தால் அந்தப் பக்க சிலிண்டர் மட்டும் கொதிக்கும்.

ரோடாக்ஸ் 912 என்றால் சில வித்தியாசங்கள். இது ஆஸ்திரிய என்ஜின். 100 குதிரைத்திறன் வகை 5,800 ஆர்பிஎம் வரை சுற்றும், நடுவில் கியர்பாக்ஸ் வைத்துப் புரொப்பெல்லருக்கு வேகத்தைக் குறைக்கிறார்கள். ஆயில் தனி டாங்கில் இருக்கும். அளவு பார்க்கும் முன் இக்னிஷன் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, புரொப்பெல்லரைக் கையால் ஓடும் திசையிலேயே சுற்றினால் சற்று நேரத்தில் டாங்கிலிருந்து ‘களக்’ என்று ஏப்பம் விடும் சத்தம் கேட்கும். அப்போதுதான் ஆயில் முழுதாகத் திரும்பியிருக்கிறது. அதற்கு முன் குச்சி விட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும், நீங்கள் மேலும் ஊற்றிவிடுவீர்கள். திருப்பிச் சுற்றவே கூடாது. ஆயில் வழியில் காற்று புகும். இக்னிஷன் சோதனை 4,000 ஆர்பிஎம்மில். இறக்கம் 300க்குள், வித்தியாசம் 115க்குள் இருக்க வேண்டும். ரப்பர் பாகங்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்றச் சொல்கிறார்கள். கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் கழுத்தில் வெடிப்பு விடுவது இதற்குப் பழகிய நோய்.

பரிசோதனையே கோளாறைக் கொண்டுவருவதும் உண்டு. இறுக்காமல் விட்ட ஒரு கிளாம்ப், உள்ளே மறந்த ஒரு ஸ்பேனர், மூடாத ஆயில் மூடி. கட்டியவரே பார்ப்பதால் இந்த ஆபத்து கூடுதல். தன் வேலையைத் தானே பார்க்கும் கண்ணுக்குச் செய்ய நினைத்தது தெரியும், செய்தது தெரியாது. ஆகவே கவ்லிங்கை மூடும் முன் இன்னொரு கட்டுநரைக் கூப்பிட்டுக் காட்டுவது இஏஏ கிளைகளில் பரவலான வழக்கம். கருவிப் பெட்டியை எண்ணி அடுக்குகிறார்கள். பிறகு தரையில் ஓட்டி, அணைத்து, திரும்பக் கழற்றிக் கசிவு பார்க்கிறார்கள்.

புது விமானமாக இருந்தால் அதற்கென்று ஒதுக்கிய பகுதிக்குள் சோதனைப் பறத்தல் நடக்கும். சான்று பெற்ற என்ஜினும் புரொப்பெல்லரும் ஜோடியாக இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40. அதுவரை சும்மா வரும் பயணிக்கு இடமில்லை. ஆண்டுப் பரிசோதனைக்குப் பிந்தைய முதல் பறத்தலுக்கு அப்படிக் கெடு இல்லை என்றாலும், தனியாக ஏறி, என்ஜின் நின்றாலும் ஓடுபாதைக்குச் சறுக்கி வரும் தூரத்துக்குள்ளேயே அரை மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கி, மறுபடி கவ்லிங்கைக் கழற்றிப் பார்ப்பவர்கள் புத்திசாலிகள்.

முடிந்ததும் லாக் புக்கில் தேதி, மொத்த ஓட்ட மணிகள், விமானம் பாதுகாப்பாக இயங்கும் நிலையில் இருக்கிறது என்ற வாசகம், கையெழுத்து. மார்ச் 5ஆம் தேதி எழுதினால் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை செல்லும். ஏப்ரல் 1ஆம் தேதி அந்த விமானம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் புதுக் கையெழுத்து இல்லாமல் பறக்க முடியாது. பழைய விமானம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியதும் இந்தப் புத்தகத்தைத்தான். கம்ப்ரஷன் எண்களும் ஆயில் அறிக்கைகளும் ஆண்டுவாரியாக அதில் இருக்கிறதா, நடுவில் இரண்டு மூன்று ஆண்டு பறக்காமல் கிடந்த இடைவெளி தெரிகிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் பெயின்ட்டைப் பார்க்கலாம்.